நீச்சல் குளம், ஸ்பா வடிகட்டிகள்: தேர்வும் பராமரிப்பும்

நீச்சல் குளத்தின் நீர் இரு பணிகளால் தூய்மை பெறுகிறது. நீரில் மிதக்கும் திண்மத் துகள்களைப் பிரித்தெடுப்பது வடிகட்டியின் பணி. நோய் பரப்பும் நுண்ணுயிர்களை அழிப்பது குளோரின் முதலான கிருமிநாசினிகளின் பணி. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன. துகள் மிகுந்த நீரில் இடப்படும் குளோரின் கிருமிகளைச் சென்றடைவதற்கு முன்பே அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. குளோரின் குன்றிய நீரில் இயங்கும் வடிகட்டியோ, தான் பிடித்துவைத்த கரிமப் பொருளையே உணவாக்கிக் கிருமிகளை வளர்க்கும் இடமாக மாறிவிடுகிறது. நீரின் தெளிவு அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதும் அன்று. ஆழ்பகுதியின் அடித்தள வடிகால் மூடி கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத குளத்தில், மூழ்கிக் கிடக்கும் ஒரு குழந்தையும் தெரியாது. அதனாலேயே அந்த மூடி தெரியாத நிலை வந்தால் குளத்தை மூட வேண்டும் என்பது பல நாடுகளின் விதியாக உள்ளது.

வடிகட்டியைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, அது எத்தனை மைக்ரான் அளவுள்ள துகளைப் பிடிக்கும் என்பதே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த எண் பயனுள்ளதே எனினும் போதுமானது அன்று. வடிகட்டியின் பரப்பு, அதன் வழியே நீர் செல்லும் வேகம், குளத்து நீர் முழுவதும் எத்தனை மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவருகிறது என்பது, பிடிபட்ட அழுக்கு எவ்வளவு ஒழுங்காக வெளியேற்றப்படுகிறது என்பது ஆகிய நான்கும் சேர்ந்தே நீரின் தரத்தை முடிவு செய்கின்றன. வடிகட்டி வகைகளை ஒப்பிட்டு ஆராயும் இக்கட்டுரை, பரப்பில் தாராளமாகவும் வேகத்தில் நிதானமாகவும் அமைந்து, அதைப் பேணுவோரால் இடைவிடாது பராமரிக்க இயலும் வடிகட்டியே சிறந்தது என்ற முடிவை நோக்கிச் செல்கிறது.

வரலாற்றுப் பின்புலம்

மணலின் வழியே நீரைச் செலுத்தித் தெளிவாக்கும் முறை குடிநீர் வழங்கலிலிருந்தே குளங்களுக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1804-இல் ஜான் கிப் அமைத்த மணல் வடிகட்டியும், 1829-இல் லண்டன் செல்சி நீர் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்ததும் இதன் தொடக்கங்கள். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காலரா தாக்கியபோது இம்முறையின் மதிப்பு ஐயமின்றி நிறுவப்பட்டது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே வழங்கிய ஹாம்பர்க்கில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதை ஒட்டியே, ஆற்றின் கீழ்ப்புறத்தில் ஹாம்பர்க்கின் கழிவைச் சுமந்து வந்த நீரையே எடுத்துப் பயன்படுத்திய ஆல்டோனா, அந்நீரை மணலில் வடிகட்டி வழங்கியதால் பெருமளவு தப்பியது. சென்னை நகரும் 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகளைப் பெற்றது.

தொடக்கக் காலப் பொதுக் குளங்களில் நீரை நிரப்புவதும், கலங்கியபின் முழுவதும் திறந்துவிட்டு மீண்டும் நிரப்புவதுமே வழக்கம். வடிகட்டிச் சுழற்றும் முறையும், 1910-ஐ ஒட்டி அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் செய்துபார்க்கப்பட்ட குளோரின் முறையும் இணைந்தபோதுதான் ஒரே நீரை மாதக்கணக்கில் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது இயல்வதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, குளோரினுக்கு எளிதில் அழியாத சீதபேதி அமீபாவின் உறைமுட்டைகளைக் குடிநீரிலிருந்து நீக்குவதற்காக அமெரிக்க இராணுவம் டயட்டம் மண் வடிகட்டிகளை உருவாக்கியது. போருக்குப் பின் அவை நீச்சல் குளங்களுக்கும் பரவின. குளோரின் கைவிடும் இடத்தில் வடிகட்டி துணைநிற்க வேண்டும் என்ற அன்றைய தேவை இன்றும் மாறவில்லை என்பது பின்னர் விளங்கும்.

மூவகை வடிகட்டிகள்

இன்று பயன்பாட்டில் உள்ளவற்றை மணல் வடிகட்டி, கார்ட்ரிட்ஜ் வடிகட்டி, பூச்சு வடிகட்டி என மூன்றாகப் பகுக்கலாம். மணல் வடிகட்டி என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள, சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணல் நிரப்பப்பட்ட அழுத்தக் கலன். நீர் மேலிருந்து கீழே இறங்கி, அடியில் உள்ள கீற்றுத் துளைக் குழாய்கள் வழியே வெளியேறுகிறது. மணிகளுக்கு இடையிலான இடுக்கு சுமார் 75 மைக்ரான் இருந்தாலும், 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களையும் அது பிடிக்கிறது. வளைந்து நெளிந்து செல்லும் நீரில் உள்ள துகள்கள் மணிகளின் மேல் மோதியும் படிந்தும் ஒட்டியும் நின்றுவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே மணல் வெறும் சல்லடை அன்று. நீர் மெதுவாகச் சென்றால் துகள் ஒட்டுவதற்கு வாய்ப்பு மிகும், விரைந்து சென்றால் ஒட்டியதும் அறுந்து போகும்.

மணலுக்கு மாற்றாக நொறுக்கிய கண்ணாடியும் சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமமும் விற்கப்படுகின்றன. கண்ணாடி மணலைவிட எடை குறைந்தது; அதே கலனுக்குக் குறைவான எடையே போதும். சியோலைட்டுக்கு அம்மோனியாவை ஈர்க்கும் இயல்பு உண்டு. அந்த ஆற்றல் நிறைவுற்றதும் உப்புநீரில் ஊறவைத்து மீட்க வேண்டும். எந்த நிரப்பியாக இருப்பினும், வேகமும் கழுவலும் பிழைபட்டால் அதன் சிறப்பியல்பு பயன் தராது.

கார்ட்ரிட்ஜ் என்பது பாலியெஸ்டர் துணியை நெருக்கமாக மடித்து உருளையாக்கிய அமைப்பு. மடிப்புகளால் சிறிய கலனுக்குள் பெரும் பரப்பு அடங்கிவிடுவதால் நீர் மிக மெதுவாகவே துணியைக் கடக்கிறது. 10 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள் பிடிபடுகின்றன. நீரைத் திருப்பிச் செலுத்திக் கழுவும் ஏற்பாடு இதற்குத் தேவையில்லை. உருளையை வெளியே எடுத்துக் குழாய் நீரால் கழுவினால் போதும். நீர் பற்றாக்குறை உள்ள இடங்களிலும், கழிவுநீரை வெளியேற்ற வழியற்ற மாடிக் குளங்களிலும் இது பொருந்துவதற்கு இதுவே முதற்காரணம். அழுக்கு மிகுந்த பொதுக் குளங்களில் பல உருளைகளை அடிக்கடி கழற்றி மாட்டும் உழைப்பு பெரிதாகிவிடும்.

பூச்சு வடிகட்டியில் நெய்த துணி போர்த்திய தட்டுகளின் மேல் டயட்டம் மண் மெல்லிய படலமாகப் படியவைக்கப்படுகிறது. டயட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. அதன் சிலிக்கா ஓடுகள் நீர்நிலைகளின் அடியில் படிந்து உருவானதே இம்மண். ஓடுகளில் எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதால் 3 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துகள்களும் தடுக்கப்படுகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் அரைக் கிலோ மண் தேவை. எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்துப் பெறும் பெர்லைட்டும் இதற்குப் பயன்படுகிறது. எடையில் அதில் பாதியளவே போதும். இவ்வகையில் ஒரு நுட்பமான குறை உண்டு. பம்ப் நின்றதும் நீரழுத்தம் நீங்குவதால் படலம் தட்டிலிருந்து உதிர்கிறது. மீண்டும் இயக்கும்போது படலம் முழுமையாக அமைவதற்குள் மண்ணும் பிடிபட்ட அழுக்கும் குளத்திற்குத் திரும்பக்கூடும். ஆதலால் பொதுக் குளங்களில் இது நிறுத்தாமல் இயங்குவதே முறை.

நுண்ணுயிர்ச் சோதனையில் வடிகட்டிகள்

மூவகைக்கும் உள்ள வேறுபாடு கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணியின் முன் வெளிப்படையாகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் ஈ. கோலி பாக்டீரியா ஒரு நிமிடத்திற்குள் அழிகிறது. ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம் போல ஆகிறது. தடித்த உறையுள்ள கிரிப்டோஸ்போரிடியமோ 10 நாட்கள் வரை தாங்குகிறது. அதன் விட்டம் 4 முதல் 6 மைக்ரான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில் 946 லிட்டர் சூடுநீர்த் தொட்டி ஒன்றில் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், பூச்சு வடிகட்டிகள் இந்த ஒட்டுண்ணியை 99 விழுக்காட்டுக்கு மேல் நீக்கின. மணலும் கார்ட்ரிட்ஜும் சராசரியாக 36 விழுக்காட்டையோ அதற்கும் குறைவானதையோ மட்டுமே நீக்கின.

இம்முடிவைக் கொண்டு எல்லாக் குளங்களுக்கும் பூச்சு வடிகட்டியே வேண்டும் என்று கொள்வது பொருந்தாது. மணல் வடிகட்டியின் இக்குறையைத் திரட்டிகள் பெரிதும் ஈடுசெய்கின்றன. திரட்டி என்பது நீரில் பரவிக் கிடக்கும் நுண்துகள்களின் மின்விலக்கத்தைக் குலைத்து அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய திரள்களாக்கும் பொருள். கலங்கிய நீரில் படிகாரம் இடுவதும், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரூற்றித் தெளியவைப்பதும் இக்கோட்பாட்டின்படி அமைந்த பழைய தமிழ் வழக்கங்கள். ஐரோப்பியப் பொதுக் குளங்களில் பாலிஅலுமினியம் குளோரைடு சிறு அளவில் இடைவிடாது செலுத்தப்படுகிறது. ஜெர்மானியத் தரநெறி மணல் வடிகட்டிக்கு முன் திரட்டியைக் கட்டாயப் படிநிலையாகவே கருதுகிறது. ஆனால் மணிக்கு 45 மீட்டர் வேகத்தில் நீர் பாயும் வடிகட்டியில் மென்மையான இத்திரள்கள் சிதைந்து கடந்து போய்விடும் என்பதால், திரட்டியின் பயன் மெதுவான ஓட்டத்திலேயே கிட்டும். குழந்தைகள் மிகுந்து வரும் குளங்களில், கிரிப்டோஸ்போரிடியத்தைச் செயலிழக்கச் செய்யும் புற ஊதா ஒளிக் கருவியையும் வடிகட்டிக்கு அடுத்ததாக அமைப்பது நல்லது.

வடிகட்டி செய்ய இயலாததையும் அறிந்திருத்தல் வேண்டும். வியர்வை, சிறுநீர் ஆகியவற்றிலிருந்து வரும் யூரியா, கரைந்த உப்புகள், குளோரினைக் காக்கச் சேர்க்கப்பட்டுக் காலப்போக்கில் மிகுந்துவிடும் சயனூரிக் அமிலம் போன்ற கரைபொருள்களை மூவகையில் எதுவும் நீக்காது. புதுநீர் சேர்ப்பது ஒன்றே இதற்கு எளிய வழி. குளிப்பவர் ஒருவருக்கு 30 லிட்டர் என்பது ஐரோப்பாவில் வழங்கும் கணக்கு. மணல் வடிகட்டியைக் கழுவச் செலவாகும் நீர் முழுவதும் வீண் என்று சொல்ல இயலாமைக்கு இதுவே காரணம். கூட்டம் மிகுந்த பொதுக் குளத்தில் எப்படியும் மாற்றியாக வேண்டிய நீரே அந்தக் கழுவலுக்குப் பயன்படுகிறது. மிகச் சிலரே நீந்தும் வீட்டுக் குளத்தில்தான் அது உண்மையான இழப்பாகிறது.

அளவைக் கணக்கிடுதல்

அளவுத் தேர்வு சுற்றுக்காலத்திலிருந்து தொடங்குகிறது. குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் வடிகட்டியைக் கடந்துவர ஆகும் நேரமே சுற்றுக்காலம். வடிகட்டிய நீர் குளத்து நீரோடு கலந்துவிடுவதால், ஒரு சுற்றில் எல்லா நீரும் வடிகட்டப்படுவதில்லை. நன்கு கலக்கும் குளத்தில் முதற்சுற்று முடிவில் 63 விழுக்காடும், இரண்டாம் சுற்றில் 86, மூன்றாவதில் 95, நான்காவதில் 98 விழுக்காடும் நீர் ஒருமுறையேனும் வடிகட்டியைக் கடந்திருக்கும். ஒரு நாளில் நான்கு சுற்று, அதாவது 6 மணி நேரச் சுற்றுக்காலம், பொதுக் குளங்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்டதன் அடிப்படை இக்கணக்கே. சிறார் குளங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரமும், ஸ்பாவுக்கு அரைமணி நேரமும் வேண்டும்.

எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஏறத்தாழ 45,000 லிட்டர் கொள்ளும். அதன் நீரை 6 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றுவதற்கு மணிக்கு 7,500 லிட்டர் ஓட்டம் தேவை. மணிக்கு 45 மீட்டர் வேகத்தை ஏற்றுக்கொண்டால் 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள மணல் கலனே போதும். விற்பனையில் மலிவாகக் கிடைப்பதும் அதுவே. வேகத்தை 25 மீட்டராகக் குறைத்தால் 62 சென்டிமீட்டர் கலன் வேண்டும். விலையில் ஏற்படும் வேறுபாடு ஒருமுறை மட்டும் ஏற்க வேண்டியது. நீரின் தெளிவிலும் கழுவல்களுக்கு இடையிலான காலத்திலும் கிடைக்கும் பயன் கலன் உள்ளவரை தொடரும். அதே குளத்திற்கு, பொதுக் குளங்களுக்குரிய நிதானமான வேகத்தில், கார்ட்ரிட்ஜ் ஆயின் சுமார் 8 சதுர மீட்டர் துணியும், டயட்டம் மண் ஆயின் ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பும் வேண்டும்.

பெரிய மணல் கலனைத் தேர்வோர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கழுவும்போது மணல் படுகை தளர்ந்து மேலெழுந்தால்தான் மணிகள் உரசி அழுக்கை உதிர்க்கும். இதற்கு மணிக்கு 40 மீட்டருக்கு மேற்பட்ட மேல்நோக்கு வேகம் தேவை. 62 சென்டிமீட்டர் கலனுக்கு அது மணிக்கு 12,000 லிட்டருக்கும் மேல் ஆகும். வடிகட்டுவதற்கு 7,500 லிட்டர் மட்டும் தரும் பம்ப் இக்கலனைச் சரியாகக் கழுவாது. அழுக்கு படுகையிலேயே தங்கி உருண்டைகளாக இறுகும். வேகம் மாற்றக்கூடிய பம்ப்பைப் பொருத்துவதோ, இரு சிறு கலன்களை அமைத்து இரண்டின் ஓட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திக் கழுவுவதோ இதற்குத் தீர்வாகும். வேகம் மாற்றும் பம்ப்புக்கு வேறொரு நன்மையும் உண்டு. சுழல்வேகம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும். மின்தேவையோ கோட்பாட்டளவில் எட்டில் ஒன்றாகக் குறையும். இருமடங்கு நேரம் இயக்கினாலும் மொத்த மின்செலவு நான்கில் ஒரு பங்கே.

பம்ப்பின் ஆற்றலை மட்டும் பெருக்கி வடிகட்டியின் சிறுமையை ஈடுசெய்ய முயல்வது இடரானது. ஆற்றல் மிகுந்த பம்ப்பின் உறிஞ்சுவிசை அடித்தள வடிகாலில் முடியையோ உடலையோ பற்றிக்கொண்டதால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2007-இல் பாதுகாப்பான வடிகால் மூடிகளைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது இதனாலேயே.

மணல் வடிகட்டியின் பராமரிப்பு

கழுவ வேண்டிய காலத்தை நாட்காட்டியைவிட அழுத்தமானி நன்றாகக் காட்டும். கழுவிய உடன் உள்ள அழுத்தத்தைக் கலனின் மேல் எழுதிவைத்து, அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்திற்குப் பவுண்டு) உயர்ந்ததும் பேக்வாஷ் செய்வது பொது விதி. பேக்வாஷ் என்பது நீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிச் செலுத்திக் கழிவுக் குழாய்க்கு அனுப்புவது. பம்ப்பை நிறுத்திய பின்னரே, நீரோட்டத்தின் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கிழிந்து, பின்னர் வடிகட்டாத நீர் குளத்திற்கோ, குளத்து நீர் ஓயாமல் கழிவுக் குழாய்க்கோ கசியும். பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை, ஏறத்தாழ 2 அல்லது 3 நிமிடம் கழுவி, பின்னர் அரை நிமிடம் அலசல் நிலையில் ஓடவிட்டு, அதன் பின்பே வடிகட்டும் நிலைக்குத் திருப்ப வேண்டும். அலசலைத் தவிர்த்தால் படுகையில் எஞ்சிய அழுக்கு குளத்திற்கே திரும்பும்.

அளவுக்கு மீறிக் கழுவுவதும் தவறே. புதிதாகக் கழுவிய மணலைவிடச் சிறிது அழுக்கு படிந்த மணல் நுண்துகளை நன்றாகப் பிடிக்கும் என்பதால், வீட்டுக் குளத்தில் அழுத்தம் உயரும் முன் கழுவுவது தெளிவைக் குறைக்கிறது, நீரும் வீணாகிறது. மேற்சொன்ன 62 சென்டிமீட்டர் கலனை ஒருமுறை கழுவ 600 லிட்டருக்கு மேல் செலவாகும். பொதுக் குளத்திலோ, படுகையில் நுண்ணுயிர்ப் படலம் வளர்வதைத் தடுப்பதற்காக, அழுத்தம் உயராவிடினும் வாரம் ஒருமுறையேனும் கழுவ வேண்டும்.

அழுத்தமானியின் காட்டல்களைப் படிக்கத் தெரிந்தவர் பல பழுதுகளை முன்கூட்டியே அறியலாம். அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்தால் கோளாறு வடிகட்டிக்கு முன்னே இருக்கிறது. நீரின் மேற்பரப்பில் மிதப்பவற்றை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடையோ பம்ப்பின் முன்னுள்ள வலைக்கூடையோ இலையாலும் முடியாலும் அடைத்திருக்கும். கழுவிய ஓரிரு நாட்களிலேயே அழுத்தம் மீண்டும் உயர்ந்தால் மணல் சுண்ணமேறி இறுகியிருக்கலாம், அல்லது குளத்தில் பாசி தொடங்கியிருக்கலாம். அழுத்தம் உயராமலே நீர் கலங்கினால் படுகையில் பிளவு தோன்றி நீர் வடிகட்டப்படாமல் குறுக்கு வழியில் செல்கிறது. குளத்தின் அடியில் மணல் தென்பட்டால் கலனின் அடிக்குழாய் உடைந்திருக்கிறது. மணலை 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான நடைமுறை. புது மணலைக் கொட்டும்போது கலனில் முதலில் பாதியளவு நீரை நிரப்பிக்கொண்டால் விழும் மணல் அடிக்குழாய்களை உடைக்காது. நிரப்பியபின் முதலில் பேக்வாஷ் செய்து தூளை வெளியேற்றிய பிறகே வடிகட்டத் தொடங்க வேண்டும்.

தமிழகத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பப்படும் குளங்களுக்குத் தனிக் கவனம் தேவை. கடினநீரில் மிகுந்துள்ள கால்சியம் மணலிலும் துணியிலும் சுண்ணப் படிவாக ஏறுகிறது. இரும்புச்சத்து குளோரின் பட்டதும் பழுப்பு நிற நுண்துகளாகி வடிகட்டியை விரைவில் அடைக்கிறது. பிளீச்சிங் பவுடரை நேரடியாகக் குளத்தில் தூவும் வழக்கம் இச்சுமையை மேலும் கூட்டும், ஏனெனில் அதில் உள்ள கரையாத சுண்ணாம்பு முழுவதும் வடிகட்டியிலேயே வந்து சேர்கிறது. தூளை வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த கரைசலை மட்டும் குளத்தில் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளை நீட்டிக்கும்.

கார்ட்ரிட்ஜ், டயட்டம் மண் வடிகட்டிகளின் பராமரிப்பு

கார்ட்ரிட்ஜைக் கழுவுவதற்குச் சாதாரணக் குழாய் நீரே ஏற்றது. உயர் அழுத்த நீர்ப் பீச்சியும் தேய்ப்பான் தூரிகையும் துணியின் இழைகளைக் குலைத்துவிடும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடிப்பையும் விரித்துக் கழுவ வேண்டும். உடல் எண்ணெயும் வெயில்காப்புப் பூச்சும் வெறும் நீருக்குப் போவதில்லை. அவற்றை நீக்க, கார்ட்ரிட்ஜ்களுக்கென விற்கப்படும் காரக் கரைசலில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். சுண்ணப் படிவு இருந்தால் அதன் பின்னர் நீர்த்த அமிலத்தில் அமிழ்த்தலாம். எண்ணெய் நீக்காமல் முதலில் அமிலத்தில் இட்டால் எண்ணெய் இழைகளிலேயே நிலைத்துவிடும் என்பதால் இவ்வரிசையை மாற்றலாகாது. அமிலமும் குளோரின் சேர்மங்களும் கலந்தால் நச்சு வாயு எழும். ஒன்றைப் பயன்படுத்தியபின் உருளையை நன்கு அலசிய பின்பே மற்றொன்றைத் தொட வேண்டும். மாற்று உருளை ஒன்றை வைத்திருந்தால் ஒன்று ஊறி உலரும்போது மற்றொன்று வேலை செய்யும். மடிப்புகள் தளர்ந்தாலோ, முனை மூடி வெடித்தாலோ, கழுவியபின்னும் தொடக்க அழுத்தம் கீழே வராவிட்டாலோ புதியதை மாற்றுவதே சிக்கனம்.

டயட்டம் மண் வடிகட்டியில் ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் உரிய அளவு மண்ணைக் கரைத்துச் செலுத்திப் படலத்தைப் புதுப்பிக்க வேண்டும். மண் குறைந்தால் அழுக்கு நேரடியாகத் துணியில் ஏறி அடைக்கும். மிகுந்தால் தட்டுகளுக்கிடையே பாலம்போல் கட்டி பரப்பைக் குறைக்கும். குளத்தில் மண் படிவது துணி கிழிந்ததற்கோ குழல் இணைப்பு விரிசல் கண்டதற்கோ அறிகுறி. இம்மண்ணின் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கக்கூடும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும் அபாயம் உண்டு. இந்த வேலையைச் செய்யும் தொழிலாளருக்குத் தகுந்த முகக்கவசம் தருவது உரிமையாளரின் கடமை. பயன்படுத்திய மண்ணைச் சாக்கடையில் விட்டால் குழாய் அடைபடும் என்பதால் பையில் வடித்துத் திண்மக் கழிவாக அகற்ற வேண்டும். மணல் வடிகட்டியின் கழுவுநீரையும் ஏரி, குளங்களில் விடலாகாது. தொட்டியில் தெளியவைத்துக் குளோரின் நீங்கிய பிறகு செடிகளுக்குப் பயன்படுத்தலாம். உப்பு கலந்த நீர்க் குளங்களின் கழுவுநீர் அதற்கும் ஆகாது.

எவ்வகை வடிகட்டியாயினும் அது ஓர் அழுத்தக் கலன் என்பதை மறக்கலாகாது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் செலுத்தும் விசை ஏறத்தாழ 2,800 கிலோ எடைக்குச் சமம். மூடிப் பட்டை சரியாக இறுகாத கலனில் காற்று அடைபட்டிருக்கும்போது பம்ப்பை இயக்கினால் மூடி பெருவிசையோடு பறக்கும். காற்றுப் போக்கியைத் திறந்துவைத்து, இயக்குபவர் கலனிலிருந்து விலகி நின்று, போக்கியிலிருந்து நீர் சீராகப் பீறிட்ட பிறகே அதை மூடுவது பாதுகாப்பான முறை.

ஸ்பாவின் தனித்தன்மை

ஸ்பா எனப்படும் சூடுநீர்ச் சுழல் தொட்டியைச் சிறிய நீச்சல் குளமாகக் கருதுவது ஆபத்தானது. 1,500 லிட்டர் தொட்டியில் நால்வர் அமர்வது, மேற்சொன்ன 45,000 லிட்டர் குளத்தில் ஒரே வேளையில் 120 பேர் இறங்குவதற்கு இணையான சுமை. 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் வியர்வை மிகுகிறது, குளோரின் விரைந்து தீர்கிறது, சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் தோலில் கொப்புளங்களை உண்டாக்கும் அளவுக்குப் பெருகுகின்றன. காற்றுக் குமிழிகள் நீரை நுண்திவலைகளாக்கிக் காற்றில் பரப்புவதால் லெஜியோனெல்லா என்னும் நிமோனியாக் கிருமி குளிக்காதவரையும் தாக்கக்கூடும். நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் நகரில் 1999-இல் நடந்த மலர்க் கண்காட்சியில் காட்சிக்கு மட்டுமே இயக்கப்பட்ட சுழல் தொட்டியிலிருந்து இக்கிருமி பரவி, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நீரின் அளவு குறைவாக இருப்பதால் பேக்வாஷ் செய்ய இடமில்லை. ஆகவே வீட்டு ஸ்பாக்களில் கார்ட்ரிட்ஜே வழக்கமாயிற்று. ஆனால் வெதுவெதுப்பான ஈரத்தில் கரிமப் பொருள் செறிந்த துணி, கிருமிகளைக் குளோரினிலிருந்து மறைக்கும் உயிர்ப்படலம் வளர்வதற்கு மிக வாய்ப்பான இடம். பயன்பாட்டைப் பொறுத்து வாரந்தோறும் அலசுவதும், மாதம் ஒருமுறை காரக் கரைசலில் ஊறவைப்பதும், இரண்டு உருளைகளை மாறிமாறிப் பயன்படுத்தி ஒன்றை முழுவதும் உலரவிடுவதும் இங்குக் கட்டாயமாகின்றன. நீரைக் காலமுறைப்படி முற்றிலும் வெளியேற்றி, குழாய்களை உயர் குளோரினால் கழுவி, வடிகட்டியையும் அதே வேளையில் தூய்மை செய்தால்தான் படலம் அகலும். தொட்டியை மட்டும் கழுவிப் பழைய உருளையை மாட்டினால் கிருமிகளும் அதனோடு திரும்புகின்றன. நாள் முழுவதும் பலர் வந்துபோகும் விடுதிகளின் ஸ்பாவுக்கு வீட்டு வகைச் சிறு உருளை போதாது. பெரிய மணல் வடிகட்டியும், பேக்வாஷுக்கு நீர் தரும் சமநிலைத் தொட்டியும் அமைக்க வேண்டும்.

தேர்வின் முடிவுகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். சிலரே பயன்படுத்தும் வீட்டுக் குளத்திற்கு, நீர் அரிதாயின் பெரிய பரப்புள்ள கார்ட்ரிட்ஜும், நீரும் வெளியேற்ற வழியும் இருந்தால் மெதுவாக ஓடும் மணல் வடிகட்டியும் தகும். பள்ளி, விடுதி, மாநகராட்சிக் குளங்களுக்கு மணிக்கு 25 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில், திரட்டியோடு இயங்கும் மணல் வடிகட்டியே பழுது நீக்க எளியதும் நீடித்து உழைப்பதுமாகும். பயிற்சி பெற்ற பணியாளரும் இடைவிடாத மின்சாரமும் உள்ள பெரிய வளாகங்களில் பூச்சு வடிகட்டி அதனினும் சிறந்த பாதுகாப்பைத் தரும். நுண்மையில் முதன்மையான வடிகட்டி, மண் இடப்படாமலும் துணி கிழிந்தும் கிடந்தால், முறையாகக் கழுவப்படும் சாதாரண மணல் வடிகட்டிக்கும் ஈடாகாது.

குளம் கட்டும் திட்டங்களில் ஓடுகளுக்கும் விளக்குகளுக்கும் ஒதுக்கப்படும் கவனம் இயந்திர அறைக்குக் கிடைப்பதில்லை. செலவைக் குறைக்க வேண்டி வரும்போது முதலில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாத வடிகட்டியே. இந்த வழக்கம் மாற வேண்டும். கலனின் விட்டமும் பம்ப்பின் ஓட்டமும் வரைபட நிலையிலேயே கணக்கிடப்பட வேண்டும். அழுத்தம், கழுவிய நாள், குளோரின் அளவு ஆகியவை நாள்தோறும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவேட்டைக் குளிக்க வருவோர் கேட்டுப் பார்க்கும் உரிமையும் இருக்க வேண்டும். பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்பதோடு, வடிகட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்றும் கேட்கத் தொடங்கினால், எந்தத் தரநெறியையும்விட விரைவாகக் குளங்கள் சீர்படும்.